15 மாதக் கெடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நீதிபதி ஒருவர் இடும் ஆணையால், பெற்ற தாயே பிள்ளைக்குச் சட்டப்படி அயலாள் ஆகிவிடுதல் கூடும். அதன்பின் பிள்ளையைக் காண வேண்டுமென்றோ, அது வளருமிடம் எதுவென்றோ கேட்கும் உரிமை அவளுக்கு இல்லை. இதனையே பெற்றோர் உரிமை நீக்கம் என்பர். இவ்வாணைக்கு ஆளாவோருள் போதைப்பித்தர் பெருந்தொகையினர்.

முற்காலத்தில் இத்துணை முறைமையும் இல்லை. 1854 முதல் 1929 வரை, நியூயார்க் முதலிய நகரங்களின் ஏழைப் பிள்ளைகள் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் இரயில் வண்டிகளில் ஏற்றப்பட்டு, மேற்குப் புறத்து உழவர் இல்லங்களில் விடப்பட்டனர். 'அநாதை வண்டிகள்' என்பது அவற்றுக்கு வழங்கிய பெயர். ஏறியவருள் பலருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தனர் என்பதை அப்பெயர் மறைத்துவிட்டது.

போதைப்பழக்கத்திற்கு அடிமையாயிருத்தல் மட்டுமே குற்றமாகாது என்றும், அது நோயை ஒத்தது என்றும் 1962ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் நோயாளி பெற்றோராக நீடிக்கலாமா என்பது வேறு வழக்கு. உரிமையை நீக்கத் தெளிவான, நம்பத்தகுந்த சான்று வேண்டும் என 1982இல் அதே மன்றம் விதித்தது. அதற்கு முந்திய ஆண்டிலோ, ஏழைத் தாய்க்கு எல்லா வழக்கிலும் அரசு வழக்கறிஞரை அமர்த்தித் தரவேண்டிய கடமையில்லை என்று அது கூறியிருந்தது. உயர்ந்த சான்று கேட்கும் மன்றத்தில், அச்சான்றை மறுக்கத் துணையின்றி அவள் நிற்க நேரலாம். இவ்விரு தீர்ப்பும் பொருந்தி நடப்பது அரிது.

1980ஆம் ஆண்டுச் சட்டம் குடும்பத்தின் பக்கம் சாய்ந்தது. பிள்ளையைப் பிரிக்குமுன்னும் பிரித்த பின்னும், குடும்பத்தைச் சேர்த்துவைக்கத் தக்க முயற்சி செய்யவேண்டும் என்றது. அப்போதுதான் 'கிராக்' எனும் மலிவான கொக்கேன் நகரங்களில் பரவியது. வளர்ப்புக் குடும்பங்களில் இருந்த பிள்ளைகள் 1980களின் நடுவில் ஏறத்தாழ 2,80,000 பேர். 1990களின் இறுதியில் 5,50,000 பேருக்கும் மேல். போதை மட்டுமே இதற்குக் காரணமன்று; வறுமையும் சிறையும் உடன் நின்றன. ஓரில்லத்திலிருந்து மற்றோரில்லத்திற்கு மாறி மாறியே பல பிள்ளைகளின் இளமை கழிந்தது.

இதற்கு மாற்றாக வந்ததே 1997ஆம் ஆண்டுச் சட்டம். அண்மைய 22 மாதங்களுள் 15 மாதம் பிள்ளை வெளிப்பராமரிப்பில் இருந்தால், உரிமை நீக்க வழக்கை மாநிலம் தொடுத்தாக வேண்டும். உறவினர் இல்லத்தில் பிள்ளை வளர்ந்தாலும், வேறு தக்க காரணம் இருந்தாலும் விலக்குண்டு.

பிள்ளைக்கு 15 மாதம் மிக நெடிது. பேசத் தொடங்கும் குழந்தை அதற்குள் வேறொருத்தியை அம்மா என்றழைக்கும். தாய்க்கோ அது குறுகியது. மருத்துவ இல்லத்தில் இடம் கிடைக்கக் காத்திருப்பதிலேயே சில மாதங்கள் கழியக்கூடும். திருந்தியவர் மீண்டும் சறுக்குவது இந்நோயின் இயல்பு. நீதிமன்றக் கணக்கிலோ அது குற்றமாகவே ஏறும். இருவர் காலமும் ஒன்றாகாத இடத்தில், சட்டம் பிள்ளையின் காலத்தைத் தேர்ந்துகொண்டது. அத்தேர்வைக் குறைகூறுதல் எளிதன்று.

ஆனால் உரிமை நீங்கிய பிள்ளைகள் அனைவரையும் தத்தெடுப்பார் இல்லை. வளர்ந்த சிறுவர் பலர் பழைய பெற்றோரும் புதிய பெற்றோரும் இன்றி நின்றனர். சட்டம் ஆக்கிய அநாதைகள் இவர்கள். ஆதலின் 2005இல் கலிபோர்னியா மாநிலம், மூன்றாண்டாகியும் தத்தெடுக்கப்படாத பிள்ளை, பெற்றோர் உரிமையை மீட்டுத்தருமாறு மன்றத்தை வேண்டலாம் எனச் சட்டம் இயற்றியது. பிற மாநிலங்கள் பலவும் அவ்வழி சென்றன. அறுத்ததை ஒட்டவேண்டி வந்ததே!

வேறொரு முயற்சி 1990களின் நடுவில் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் தொடங்கியது. அங்கமைந்த குடும்பப் போதை நீதிமன்றத்தில், நீதிபதி பெற்றோரை அடிக்கடி நேரில் அழைத்து, சிகிச்சையின் போக்கை வினவுவார். அமெரிக்க முன்மாதிரியைத் தழுவி 2008இல் இலண்டனிலும் அத்தகைய மன்றம் ஒன்று அமைந்தது. 2018ஆம் ஆண்டுச் சட்டம், பிள்ளையைப் பிரிக்குமுன்பே பெற்றோர் சிகிச்சைக்குக் கூட்டரசுப் பணத்தைச் செலவிட வழிவகுத்தது. தாய் தங்கிச் சிகிச்சைபெறும் இல்லத்திலேயே பிள்ளையும் 12 மாதம்வரை அவளோடிருக்க அச்சட்டம் துணைநிற்கிறது. 1997ஆம் ஆண்டின் 15 மாதக் கெடுவோ இன்றும் சட்டநூலில் அப்படியே இருக்கின்றது.