கவலை ஓட்டிய காலத்துத் தூக்கம்

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. டார்ச்சை எடுத்துக்கிட்டுப் போய் மோட்டாரைப் போட்டு, மடை மாத்திவிட்டு வந்து படுத்தா, எங்கே தூக்கம் வரும்? எங்க அப்பாரு ஞாபகம்தான் வந்தது. "கெணத்துக்கு மோட்டார் வந்துச்சு, கண்ணுல தூக்கம் போச்சு" என்பார்.

அவர் கவலை ஓட்டியவர். டவுன்ல இருக்கிறவங்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு எருது பூட்டி, தோல் சாலில் கிணத்துத் தண்ணி இறைக்கிறதுதான் கவலை. கோழி கூப்பிடும் முன்னே ஆரம்பம். ஒருத்தர் எருது ஓட்ட, இன்னொருத்தர் மடை திருப்பணும். தனியாளா முடியாது. வெயில் ஏறினா எருது களைச்சுப் போகும், அவிழ்த்து விட்டாகணும். அதனால மனுசனுக்கும் ஓய்வு. பொழுது விழுந்தா சோத்தைத் தின்னுட்டு வாசல்ல கயித்துக் கட்டில். நாலு வீட்டுக் கட்டிலும் பக்கம் பக்கமா. யாருக்குக் கடன் நெருக்குது, யார் மூணு நாளா சரியாச் சாப்பிடலைன்னு அந்தக் கட்டில்லயே தெரிஞ்சுடும்.

பொற்காலம்னு சொல்ல வரலை. தோல் சால் கிழிஞ்சா அன்னிக்குப் பாசனம் போச்சு. எருது இல்லாதவன் பாடு இன்னும் மோசம்.

1932ல் பைக்காரா மின்நிலையம் ஓடத் தொடங்கி கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. முதல்ல மில்லுகளுக்கு, அப்புறம் மெல்லக் கிணறுகளுக்கு. அந்தக் கரண்டுக்காக எங்க ஜனங்க உயிரையே கொடுத்திருக்காங்க. 1970ல் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில், ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூணு விவசாயிகள் செத்தாங்க. 1972ல் கோவை ரோடெல்லாம் மாட்டு வண்டியா நின்னது. 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது.

கட்டணம் போச்சு, ராத்திரியும் கூடவே போச்சு. மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. கரண்ட் முறை நடுச்சாமத்துல வந்தா, அவனவன் தோட்டத்துல அவனவன் தனியா முழிச்சிருக்கணும். பகல்ல கண்ணு சொக்கும், யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசத் தோணாது. போன வருசம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பாவுக்கு நடுராத்திரி மடையிலயே நெஞ்சுவலி. விடிஞ்சு பால் ஊத்தப் போனவங்கதான் பார்த்தாங்க. பிழைச்சுக்கிட்டார்.

அதுக்கப்புறம் நானும் அவர் மகனும் ஒண்ணு பேசி வெச்சோம். ஒரு ராத்திரி ரெண்டு தோட்டத்து மடையையும் அவன் பார்ப்பான், மறுநாள் ராத்திரி நான். சாயங்காலம் முறை மாத்திக்கிறப்போ அவங்க வாசல்ல கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வருவேன். இன்னிக்கு அவன் முறை.