பெயரில் முதலை, உறவில் பறவை! தெலங்கானாவில் கிடைத்த இந்த உயிரினம் யாருக்குச் சொந்தம்?

யாராசூகஸ் டெக்கானென்சிஸ். தெலங்கானாவில், பிராணஹிதா - கோதாவரி பள்ளத்தாக்கின் சிவப்புப் பாறைகளில் கிடைத்த ஓர் ஊர்வன விலங்குக்கு 2005-ல் வைக்கப்பட்ட பெயர் இது. 'சூகஸ்' என்றால் முதலை. 'டெக்கான்' நம்ம தக்காணம்தான்.

அப்போ தக்காணத்து முதலையா? பெயர் அப்படித்தான் சொல்லுது. ஆனால் 2017-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு, இது முதலை பக்கத்துச் சொந்தமே இல்லை. டைனோசர், பறவை பக்கத்துச் சொந்தம் என்று மாற்றி எழுதிவிட்டது. 'அஃபனோசாரியா' என்ற புதுக் குடும்பமும் அப்போதுதான் உருவானது.

எதை வைத்து மாற்றினார்கள்?

முதலில் ஒரு சின்ன அறிமுகம். ஆர்க்கோசார் என்ற பெரிய வம்சம் ரொம்பப் பழைய காலத்திலேயே இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒரு கிளையின் இன்றைய வாரிசு முதலைகள். இன்னொன்றின் வாரிசு பறவைகள். டைனோசர்கள் பறவைக் கிளையில் வரும். சுமார் 24.5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு எலும்பு கையில் கிடைத்தால், அது எந்தக் கிளை என்று சொல்வதுதான் சவால்.

84 வருஷம் காத்திருந்த எலும்புகள்

கதை தான்சானியாவில் தொடங்குகிறது. 1933-ல் பாரிங்டன் என்ற ஆய்வாளர் அங்கே சில எலும்புகளைச் சேகரித்தார். ஆலன் சாரிக் 1950-களில் கேம்பிரிட்ஜில் தனது முனைவர் பட்டத்துக்காக அவற்றை ஆராய்ந்து, 'டெலியோகிரேட்டர்' என்று பெயரிட்டார். 'முழுமையான கிண்ணம்' என்று பொருள். டைனோசரின் இடுப்புக் குழியில் ஆர்பார் ஓட்டை இருக்கும். இதற்கு அது இல்லை, கிண்ணம் மாதிரி மூடியே இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர்.

ஆனால் எந்தக் கிளை என்று முடிவு செய்ய முக்கியமான எலும்புகள் இல்லை. குறிப்பாகக் கணுக்கால். சாரிக் அதை முறைப்படி வெளியிடாமலேயே 1997-ல் காலமானார்.

2015-ல் ஸ்டெர்லிங் நெஸ்பிட் தலைமையிலான குழு தான்சானியாவில் அதே விலங்கின் எலும்புகளைப் புதிதாகத் தோண்டி எடுத்தது. இந்த முறை கணுக்கால் இருந்தது. 2017 கட்டுரையின் ஆசிரியர் பட்டியலில், இறந்து 20 ஆண்டுகள் ஆன சாரிக்கின் பெயரையும் சேர்த்தார்கள். ஆய்வு உலகில் இப்படி ஒரு மரியாதை அடிக்கடி நடப்பதில்லை.

கணுக்கால் சொன்ன சேதி

முதலையின் கணுக்காலில் இரண்டு எலும்புகள் குமிழும் குழியுமாகப் பொருந்தித் திரும்பும். குதிகால் மாதிரி ஒரு முட்டு பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். டைனோசருக்கும் பறவைக்கும் அப்படி இல்லை, கதவுக் கீல் மாதிரி எளிமையான மூட்டு. அதனால் முதலை மாதிரிக் கணுக்கால் இருந்தால் அது முதலைக் கிளை என்று நினைத்துவந்தார்கள்.

டெலியோகிரேட்டருக்கு இருந்ததோ முதலை மாதிரிக் கணுக்கால்! ஆனால் மண்டை ஓட்டின் நெற்றி எலும்பில் ஒரு பள்ளம் இருந்தது. டைனோசர்களின் அடையாளமாகக் கருதப்பட்ட பள்ளம் அது. கால், முதுகெலும்புகளிலும் பறவைக் கிளையின் கூறுகள் தெரிந்தன.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? உங்களுக்கும் உங்க அத்தை பையனுக்கும் தாத்தாவோட மூக்கு இருக்கலாம். உங்க கூடப் பிறந்த தங்கைக்கு அது இல்லாமல் போகலாம். அதுக்காக அத்தை பையன்தான் கூடப் பிறந்தவன், தங்கை வெளியாள் என்று சொல்ல முடியுமா? முதலைக் கணுக்காலும் அப்படித்தான். அது இரண்டு கிளைக்கும் பொதுவான தாத்தாவிடமிருந்து வந்த பழைய சொத்து. முதலை அதை வைத்துக்கொண்டது, டைனோசர் பக்கம் பின்னாளில் மாற்றிக்கொண்டது. பழைய சொத்து உறவுக்குச் சாட்சி ஆகாது. பிறகு புதிதாக வந்த அம்சம்தான் சாட்சி.

சிட்டுக்குருவி எதுக்கு வந்துச்சு?

அஃபனோசாரியாவின் அதிகாரபூர்வ வரையறை சுவாரசியமானது. டெலியோகிரேட்டரும் யாராசூகஸும் உள்ளே இருக்க வேண்டும். வீட்டுச் சிட்டுக்குருவியும் நைல் முதலையும் வெளியே நிற்க வேண்டும். இதற்குள் அடங்கும் மிகப் பெரிய குழு எதுவோ அதுதான் அஃபனோசாரியா. குருவி பறவைக் கிளைக்கு எல்லைக்கல், நைல் முதலை இன்னொரு பக்கத்து எல்லைக்கல். தக்காணத்து விலங்கு இங்கே வெறும் உறுப்பினர் இல்லை, வரையறையிலேயே பெயர் இருக்கு.

ரஷ்யாவின் டோங்குசூகஸும் இந்தக் குடும்பம்தான். பிரேசிலின் ஸ்பாண்டிலோசோமா பற்றி விவாதம் உண்டு. அன்று கண்டங்கள் எல்லாம் ஒட்டியிருந்ததால் இவ்வளவு தூரம் பரவியதில் ஆச்சரியமில்லை.

டெலியோகிரேட்டர் நான்கு காலில் நடந்த, கழுத்து நீண்ட இறைச்சித் தின்னி. நீளம் 2 முதல் 3 மீட்டர். இவை டைனோசரின் நேரடி மூதாதை அல்ல, பங்காளி. பறவைக் கிளையில் முதலில் பிரிந்துபோன பங்காளி.

சரி, யாராசூகஸின் பெயரை மாற்றுவார்களா? மாட்டார்கள். உறவு மாறினாலும் முதலில் வைத்த பெயர் நிற்கும் என்பதே விலங்குப் பெயரிடல் விதி. அதன் எலும்புகள் கொல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. புள்ளியியல் நிறுவனத்தில் எலும்பா என்று கேட்காதீங்க: மகாலனோபிஸ் காலத்திலேயே அங்கே புவியியல் பிரிவு தொடங்கியாச்சு.