எலும்பில் எழுந்த ரூபம்

மணவூர் ரயில் நிலையத்துக்கு அடுத்த திருவாலங்காட்டில் முக்தியடைந்த காரைக்கால் அம்மையாரை, விலாவெலும்பு தெரிய, வற்றிய ஸ்தனங்களோடு, கையில் தாளமும் முகத்தில் ஆனந்தமுமாக வார்த்த நம் பழைய ஸ்தபதிகள், சரீரத்தைக் குலைத்தேனும் உள்ளத்தைக் காட்டலாம் என்பதை, ஐரோப்பியர் அதற்கு எக்ஸ்பிரஷனிசம் என்று நாமகரணம் செய்வதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள்.

அந்த ஆவேசத்தை வர்ணங்களில் தேடியவர், 1911இல் கோயமுத்தூரில் பிறந்து, தந்தி இலாகா உத்தியோகத்தை உதறிச் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்து, 1957இல் அதன் தலைவருமான கே. சி. எஸ். பணிக்கர். வான் கோவிடம் மனம் தோய்ந்த காலத்தில் அவர் தீட்டிய மனித உருவங்களே, பிற்காலத்து ஓவியங்களில் அவர் இட்ட எழுத்துக்களையும் சக்கரங்களையும்விட என் நெஞ்சில் நிற்பவை.

1966இல் மாணவர்களோடு அவர் நிறுவிய சோழமண்டலம் கலைஞர் கிராமம் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கிறது. அவசியம் சென்று பாருங்கள்.