அந்த மாத்திரை வந்த வழி

முதல் பிள்ளை வயித்துல இருந்தப்ப, நர்சம்மா கொடுத்த சத்து மாத்திரையை குவார்ட்டர்ஸ் கொல்லையில் முருங்கை மரத்தடியில் போட்டவள் நான். குமட்டுது, வெளிக்குப் போனா கறுப்பா போகுது என்று சாக்கு. நம்ம குழுக் கூட்டத்தில் கேட்டால் பாதிப் பேர் இதையேதான் சொல்வீர்கள்.

அதில் இரும்புச்சத்து மட்டும் இல்லை, ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது தெரியவந்ததே நம்மைப் போன்ற உழைக்கும் பெண்களால்தான்.

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். துணி மில் பெண்கள் கர்ப்பகாலத்தில் சோகை பிடித்து இறந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் ரத்தத்தில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்புக் குறைவால் வரும் சோகையில் அணு சிறுத்துத்தான் போகும். இது வேறு. அவர் நேராக அடுப்படியைப் பார்த்தார். கீரை, பழம், பால் எல்லாமே குறைச்சல். அதே சாப்பாட்டைக் குரங்குக்குக் கொடுத்தார், அதற்கும் சோகை வந்தது. ஈஸ்ட்டில் செய்த மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்ததும் தேறியது. பெண்களும் தேறினார்கள். 1931-இல் இதை எழுதி வெளியிட்டார். நடுவில் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்திருக்கிறார். திருவல்லிக்கேணியில் இப்பவும் அதே பெயரில்தான் கேட்பார்கள்.

பசையில் இருந்த பொருள் என்ன? 1941-இல் அமெரிக்காவில் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு ‘ஃபோலியம்’, அதனால் அந்தப் பேர். 1945-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்த குழுவுக்குத் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்துக்காரர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

நம்ம ஊரில் நிலக்கரிக் கம்பெனி 1956-இல் வந்தது. கர்ப்பிணிகளுக்கு இந்த மாத்திரையை அரசு திட்டமாகக் கொடுத்ததோ 1970-இல்தான். நம் மாமியார்மார் பலர் அது இல்லாமலே பெற்றவர்கள்.

1991-இல் வந்த பிரிட்டன் ஆய்வு இன்னொன்று சொன்னது. முதுகுத்தண்டு மூடாத குழந்தை ஏற்கெனவே பிறந்த தாய்மார்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் சாப்பிட்டால் மறுபடி அப்படிப் பிறப்பது 100-க்கு 72 பங்கு குறைந்தது. அந்தத் தண்டு மூடுவது கரு உண்டான முதல் 28 நாளுக்குள். நாள் தள்ளிப்போச்சு என்று நாம் விரல்விட்டு எண்ணுவதற்குள் முடிந்துவிடும்.

அதனால் என் மகளுக்குக் கல்யாணம் முடிந்த மாதமே டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். கீரையை வேகவைத்துத் தண்ணியைக் கொட்டும் பழக்கத்தையும் விட்டாச்சு. அந்தச் சத்து தண்ணியோடுதான் போகுமாம். முருங்கை மரத்துக்கு இப்ப மாத்திரை கிடையாது.