நல்லியக்கோடன் நாட்டில் ஒரு நன்றி மடல்

சென்ற மாதம் கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் நோக்கிப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தோம். உடன் வந்தவர் நம்மிடம் படித்த பழைய மாணவர். முந்தைய நாள்தான் ஒரு நேர்முகத் தேர்வை முடித்திருந்தார். தேர்வு முடிந்த ஒரு நாளுக்குள் நேர்கண்டவருக்கு நன்றி மடல் அனுப்பவேண்டும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்களாம். கைப்பேசியில் நான்கு வரி எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தவர் திடீரென்று நம்மைப் பார்த்து, "ஐயா, வேலை இன்னும் கிடைக்கவே இல்லை. இப்பவே நன்றி சொன்னா காக்கா பிடிக்கிற மாதிரி ஆயிடாதுங்களா?" என்றார்.

நமக்கு உடனே விடை தோன்றவில்லை. வெளியே மரக்காணத்து உப்பளங்கள் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. அப்போதுதான் நினைவு வந்தது, இக்கேள்விக்கு விடை தேட இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது என்று!

நாம் சென்றுகொண்டிருந்த நிலப்பகுதி சங்ககாலத்தில் ஓய்மாநாடு. அதனை ஆண்ட குறுநில மன்னன் நல்லியக்கோடன். திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில் அவனுடைய ஊர். மரக்காணமே அன்றைய எயிற்பட்டினம் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. இவன்மீது இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியதே பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. 269 அடிகள்தாம். ஆயினும் வேலை தேடி அலைவோர் அனைவரும் ஒருமுறை படிக்கவேண்டிய நூல் என்போம்.

ஏன் என்கிறீர்களா? ஆற்றுப்படையின் அமைப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையில் வாடி வரும் மற்றொரு பாணனை வழியில் சந்திக்கிறான். தான் பெற்ற செல்வத்தைச் சொல்லி, எங்கே செல்லவேண்டும், எவ்வழியே செல்லவேண்டும், இடையில் எந்த ஊரில் என்ன உணவு கிடைக்கும், வாயிலில் எத்தகைய வரவேற்பு இருக்கும் என்றெல்லாம் விளக்குகிறான். எயிற்பட்டினத்தில் பரதவர் தரும் சுட்ட மீன், வேலூரில் எயினர் இடும் சூடான சோறு, ஆமூரில் உழவர் படைக்கும் நண்டுக் கலவையோடு கூடிய வெண்சோறு... இவை யாவும் முன்பின் அறியாத ஒருவனுக்குத் தரப்படும் பயணக் குறிப்புகள்.

தன் பழைய நிலையையும் அவன் மறைக்கவில்லை. அடுப்படியில் குட்டி ஈன்ற நாய் பாலின்றிக் குரைக்கிறது. பாணன் மனைவி கொய்துவந்த வேளைக்கீரையை உப்பில்லாமல் வேகவைக்கிறாள். அயலார் கண்ணில் பட்டால் நாணம் என்று கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். பசியைவிட அந்த அடைத்த கதவே படிப்போரை உலுக்கும். வேலையில்லாத நாள்களில் உறவினர் வீட்டு விழாக்களைத் தவிர்த்தவர்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. ஆற்றுப்படையில் நன்றி கொடுத்தவனை மட்டும் நோக்கித் திரும்பவில்லை, அடுத்துத் தேடி வருபவனை நோக்கியும் செல்கிறது. 'இதுவும் மன்னனைப் புகழும் வழிதானே' என்று வாதிடலாம். உண்மைதான். ஆனால் அப்புகழ்ச்சியால் பசித்த ஒருவனுக்கு வழி கிடைக்கிறதே!

சொல்லையும் பார்ப்போம். பண்டைத் தமிழில் 'நன்றி' என்பது நன்மையைக் குறித்தது. ஒருவர் செய்த நன்மை செய்ந்நன்றி. வள்ளுவர் 11ஆம் அதிகாரத்துக்கு இட்ட பெயர் செய்ந்நன்றியறிதல். கூறுதல் அன்று, அறிதல்! அறியாமல் கூறினால் அது வெறும் உபசாரம். அறிந்து கூறினால் அதில் தாழ்வில்லை.

பரிசில் வாழ்க்கையிலும் தன்மானம் இருந்தது என்பதற்குப் பெருஞ்சித்திரனார் சான்று. அதியமான் நெடுமான் அஞ்சி தம்மை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பியபோது அவர் ஏற்கவில்லை. தாம் வணிக நோக்குடைய பரிசிலர் அல்லர் என்றும், தம்மை அறிந்து தருவது தினையளவே ஆனாலும் இனியது என்றும் புறநானூற்று 208ஆம் பாடலில் சொல்கிறார். அவரே குமணனிடம் பெற்று வந்த செல்வத்தை, எல்லோர்க்கும் கொடு என்று மனைவியிடம் கூறுவது 163ஆம் பாடல். பல்லிளித்து வாங்கியவரால் இப்படி வாரி வழங்கச் சொல்ல இயலுமா?

இந்தப் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு 1889இல் அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் வாழ்விலும் இதே செய்தி உண்டு. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த தியாகராச செட்டியார், தாம் ஓய்வுபெறும் வேளையில் அவ்விடத்துக்கு ஐயரைப் பரிந்துரைத்தார். இருபத்தைந்து வயதை நெருங்கியிருந்த ஐயர் 1880இல் பணியில் சேர்ந்தார். செட்டியார் 1888இல் மறைந்தார். ஐயர் 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறிய பிறகு, திருவேட்டீசுவரன்பேட்டையில் தாம் வாழ்ந்த இல்லத்துக்கு 'தியாகராச விலாசம்' என்று பெயர் சூட்டினார். மறைந்தவரிடம் இனி என்ன எதிர்பார்க்க முடியும்? வாசலிலேயே எழுதிவைத்த நன்றி மடல் அது. அவ்வீடு 2012இல் இடிக்கப்பட்டது. நன்றி அறிதலில் நம் தலைமுறையின் தரம் அவ்வளவுதான்.

பிறரைக் குறை கூறுவானேன்? நம் முதல் பணி ஒரு முதிய ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தையால் கிடைத்தது. காலியிடம் இருப்பதை அஞ்சலட்டையில் எழுதித் தெரிவித்தவர் அவரே. அடுத்த விடுமுறையில் நேரில் சென்று சொல்லலாம் என்று நாம் தள்ளிப்போட்டோம். விடுமுறைகள் வந்தன, போயின. இறுதியில் அவர் மறைவுச் செய்திதான் வந்தது. அந்த அட்டை இன்னும் நம்மிடம் இருக்கிறது, மறுமொழி எழுதப்படாமலே.

மாணவரிடம் இவற்றையெல்லாம் சொல்லிவிட்டு, "எழுதுங்கள் தம்பி. அவர் உங்களுக்காகச் செலவிட்ட நேரத்துக்கு நன்றி சொல்லுங்கள். வேலைக்காகச் சொல்லவேண்டாம். வேலை கிடைத்தால் இடம் காட்டியவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். பிறகு உங்களைப்போல் அலையும் இன்னொருவருக்கு வழி சொல்லுங்கள்" என்றோம்.

மரக்காணம் வருவதற்குள் மடல் போய்விட்டது. இரண்டே வரிகள். மூன்றாவது வரியை அவரே அழித்துவிட்டார்.