காணியும் நகரசபையும்

காணி பறிபோவது என்றால் எங்களுக்கு இராணுவமும் முள்ளுக்கம்பியும்தான் நினைவுக்கு வரும். பறிப்பவன் தூரத்திலிருந்து வருபவன், பக்கத்திலிருப்பவன் காப்பாற்றுவான் என்ற எண்ணமும் கூடவே வரும். அமெரிக்காவின் அண்மைக்காலக் காணி வரலாறு இந்த எண்ணத்தைக் குழப்புகிறது. அங்கே சுவீகரிப்புக்கு எல்லை போட முன்வந்தவை மாநில அரசுகள். எதிர்த்து நின்றவை மக்களுக்கு மிக நெருக்கமான நகரசபைகள்.

அமெரிக்க அரசியலமைப்பின்படி, நியாயமான நட்டஈடு கொடுத்துத் தனியார் காணியைப் பொதுப் பயன்பாட்டுக்கு எடுக்கலாம். தெருவுக்கு எடுப்பதில் சிக்கலில்லை. ஆனால் 1954 இல், வாஷிங்டனில் ‘பாழடைந்த பகுதி’ என்று சொல்லி எடுத்த காணியைத் தனியாரிடம் கொடுப்பதையும் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. அங்கிருந்து கிளப்பப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். 1981 இல் டெற்றோயிற் மாநகரம் ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலைக்காகப் போல்ரவுண் என்ற குடியிருப்பை இடித்தது. அதைச் சரியென்ற மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2004 இல் தன் தீர்ப்பைத் தானே கைவிட்டது.

கனெக்ரிக்கற் மாநிலத்தின் நியூ லண்டன் ஒரு நொடிந்துபோன சிறு நகரம். 1,500 க்கு மேற்பட்டோருக்கு வேலை கொடுத்த கடற்படை நிலையம் 1996 இல் மூடப்பட்டது. 1998 இல் ஃபைசர் மருந்துக் கம்பனி ஆய்வுகூடம் கட்டப்போவதாக அறிவித்ததும், அதையொட்டிய 90 ஏக்கரைப் புதிதாக்க நகரசபை திட்டம் போட்டது. ஒன்பது சொந்தக்காரர் விற்க மறுத்தார்கள். அவர்களில் ஒருவர் 1918 இல் தன் வீட்டிலேயே பிறந்த மூதாட்டி. அந்த வீடுகள் பாழடைந்தவை என்று நகரசபை சொல்லவுமில்லை. வேலையும் வரியும் பெருகும் என்பதே அதன் நியாயம். 2005 ஜூன் 23 ஆம் திகதி, கீலோ வழக்கில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நகரசபை வென்றது. மாநிலங்கள் விரும்பினால் இதைவிடக் கடுமையான எல்லை விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்புச் சொன்னது.

நாடெங்கும் கோபம் எழுந்தது. 40 க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தைத் திருத்தின. நகரங்களின் சங்கங்களும் மேயர்களும் இந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்தார்கள். அவர்களின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. நகரத்தின் பல செலவுகள் சோலைவரியிலே நடக்கின்றன. துண்டு துண்டான பழைய காணிகளில் ஒருவர் மறுத்தாலும் திட்டம் நின்றுவிடும். கம்பனி ஊருக்கு வெளியே வெறுங்காணி தேடிப் போய்விடும். உண்மைதான். ஆனால் வரியை நம்பி வாழும் சபைக்கு, குறைந்த வரி கட்டுபவரின் வீடு நட்டக் கணக்காகவே தெரியும்.

கலிபோர்னியாவில் 2008 ஜூனில் இரண்டு பிரேரணைகள் வாக்கெடுப்புக்கு வந்தன. 98 ஆம் இலக்கம் தனியாருக்காகச் சுவீகரிப்பதைத் தடுத்தது. கூடவே வாடகைக் கட்டுப்பாட்டையும் ஒழிக்கப் பார்த்தது. நகரங்களின் சங்கம் ஆதரித்த 99 ஆம் இலக்கம், சொந்தக்காரர் ஒரு வருடமாவது குடியிருந்த வீட்டை மட்டும் காத்தது. வென்றது 99. வாடகைக்கு இருப்பவருக்கும் சின்னக் கடைக்காரருக்கும் அதில் இடமில்லை.

நியூ லண்டனில் வீடுகள் போயின. 2009 இல் ஃபைசர் தானும் வெளியேறுவதாக அறிவித்தது. எடுத்த காணி பல வருடங்கள் புல் முளைத்துக் கிடந்தது.

இலங்கையில் 1987 இன் 13 ஆவது திருத்தம் காணியை மாகாணசபைப் பட்டியலில் எழுதியது. அதிகாரம் கொழும்பை விட்டு இறங்கவில்லை. அது இறங்கவேண்டும் என்ற எங்கள் கோரிக்கை நியாயமானது. அதோடு இன்னொன்றையும் இப்போதே கேட்டுவைப்பது நல்லது. எங்கள் ஆட்களே இருக்கப்போகும் சபை, காணியில்லாதவனின் கொட்டிலைப் பிரிக்க வந்தால், அவன் எந்தச் சட்டத்தைக் காட்டுவான்?