நிறை நிறமாலை

'நிறு' என்றால் எடைபோடு. அதிலிருந்து வந்தது நிறை. தராசுக்கு நிறைகோல் என்பது பழம்பெயர். நிறமாலை பிற்காலச் சொல்லாக்கம். 1919இல் அறிவியலாளர் ஆஸ்டன் செய்த கருவியில் அயனிகள் நிறைவாரியாகப் பிரிந்து ஒளிப்படத் தட்டில் கோடுகளாக விழுந்தன. ஒளியின் நிறமாலையைப் போலவே இருந்ததால் அப்பெயரே நிலைத்தது. உண்மையில் இதில் நிறமே இல்லை!

நிறை நிறமாலையின் பயனுக்கு, அசைந்துகொண்டே இருக்கும் புரதத்தை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்ப இயலும் என்று 1963இல் சென்னையில் ஜி. என். ராமச்சந்திரன் குழு வரைந்து காட்டியது. புரதத்தின் அசைவை இன்று எடைபோட்டே அறியலாம். புரதத்தைக் கனநீரில் இட்டால், நெகிழ்ந்து அசையும் பகுதிகளின் ஹைட்ரஜன், கனநீரில் உள்ள கனமான ஹைட்ரஜனாகிய டியூட்டீரியத்துக்கு விரைவில் இடம்விடும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறை சுமார் 1 டால்டன் கூடும். இறுக மடிந்த பகுதிகளில் இது மெதுவாகவே நடக்கும்.